மாமனார் கட்சி மாறினார்

போன வாரம் மாமனார் தூக்கிப் போட்ட குண்டிலிருந்து அந்த வீடு இன்னும் எழுந்திருக்கவில்லை.

குண்டு இதுதான். சாப்பாட்டு மேசையில் வழக்கமான 'யார் பெரியவர்' சண்டை சூடுபிடித்த நேரம். தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். தொண்டையைக் கனைத்தார். "யோசிச்சுப் பார்த்தா, நிலாக்காரிதான் எல்லாரையும் விடப் பெரியவ" என்றார்.

மகன் வாய்க்குக் கொண்டுபோன ரொட்டி பாதி வழியில் நின்றது. மகள் திறந்த வாயை மூட மறந்தாள். மருமகளோ தன் காதையே சந்தேகப்பட்டாள்.

அவள் தன் காதைச் சந்தேகப்படுவது லேசான விஷயம் இல்லை. ஊரார் காதையெல்லாம் சோதிப்பதுதான் அவள் வேலை. ஆஸ்பத்திரியில், சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, எந்தச் சத்தம் கேட்கிறது, எது கேட்கவில்லை என்று பார்த்துச் சொல்கிறவள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. நோயாளிகள் வைத்த பெயர் காதம்மா. கடைசியில் அதுவே நிலைத்துவிட்டது.

அந்த வீட்டில் மூன்று கட்சிகள். மாமனார் ஓர் அச்சகத்தில் காலமெல்லாம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். அவருடைய தெய்வம் வெள்ளிவில் என்று உலகம் கொண்டாடிய வயலின் மேதை. மகன், அதாவது காதம்மாவின் கணவன், கச்சேரிகளுக்கு ஒலி அமைப்பவன். தொழிலில் அவனுக்குப் பெயர் சவுண்டு. அவன் தெய்வம் சூறாவளி என்று பெயர் எடுத்த ராக் பாடகர். மகள் கீழ்த்தளத்தில் சலூன் நடத்துகிறாள். அப்பா பிழை திருத்தினார், மகள் முடி திருத்துகிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அவள் நிலாக்காரியின் பக்தை. பாப் பாட்டுக்கு அடிக்குரலில் உயிர் கொடுத்தவள் நிலாக்காரி.

"நாலே நாலு கம்பியில நாலு உலகத்தைக் காட்டினாரு வெள்ளிவில். உன் ஆளு ஆறு கம்பியை வச்சுக்கிட்டு என்ன கிழிச்சான்?" என்பார் மாமனார்.

"யாரோ எழுதி வச்சதைத்தானேப்பா உங்க ஆளு வாசிச்சாரு? சூறாவளி தானே எழுதி, தானே பாடி, தானே வாசிச்சு..."

"தானே கிடாரைப் போட்டு உடைச்சான். அதையும் சேர்த்துக்கோ."

"நல்லா வாசிச்சு முடிச்சுட்டுத்தானே உடைச்சாரு!"

"ரெண்டு பேர் பாட்டையும் கேட்டு யாராவது அழுதுகிட்டே ஆடியிருக்காங்களா?" என்று மகள் நடுவில் புகுவாள். "நிலாக்காரி பாட்டுக்கு ஆடியிருக்காங்க. என் சலூன்லயே. தலையில பாதி சாயத்தோட."

வருஷக்கணக்காக இதுதான் அந்த வீட்டின் பேச்சு. காதம்மா எந்தக் கட்சியிலும் இல்லை. பகல் முழுக்க பீப் பீப் என்று கேட்டுவிட்டு வருகிறவளுக்கு, வீட்டில் யாரும் எதையும் போடாமல் இருந்தால் அதுவே சங்கீதம்.

அப்படிப்பட்ட வீட்டில், சூரியன் மேற்கே உதித்த மாதிரி, மாமனார் கட்சி மாறிவிட்டார். சும்மா பேச்சுக்கு இல்லை. வெள்ளிவில்லின் இசைத்தட்டுகளையெல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, காலையும் மாலையும் நிலாக்காரியைப் போட்டுக் கேட்கிறார்.

இன்று சனிக்கிழமை. சாயங்காலம் கடைத்தெருவில் இசைத்தட்டுக் கடையின் பின்புறக் கூடத்தில் வருஷாந்திர விவாதம். கிளாசிக்கல், ராக், பாப் மூன்றில் யார் மகத்தானவர்? வெள்ளிவில்லுக்காகப் பேச வருபவர், வழக்கம்போல, மாமனார்.

அவர் யாருக்காகப் பேசப்போகிறார் என்பது அவருக்கே வெளிச்சமா என்று காதம்மாவுக்குத் தெரியவில்லை.

காலையில் அவள் தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது சவுண்டு சமையலறைக்குள் வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பாவுக்குப் புத்தி தடுமாறுதுன்னு நினைக்கிறேன்."

"என்ன பேச்சு இது? கட்சி மாறினா புத்தி தடுமாறுதுன்னு அர்த்தமா?"

"அது இல்ல. நான் இதுவரைக்கும் சொல்லலை." அவன் பாலை எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தான். திறந்தது திறந்தபடியே நின்று பேசினான். "போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. முன்னறையில அப்பா கண்ணை மூடிட்டு உட்கார்ந்திருக்காரு. தட்டு முடிஞ்சு சும்மா சுத்திட்டு இருக்கு. ஒரு சத்தமும் இல்ல. ஆனா அவரு தலையை ஆட்டி ஆட்டி ரசிக்கிறாரு! விரல் வேற முழங்கால்ல தாளம் போடுது."

காதம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் போய், 'அப்பா, தட்டு முடிஞ்சுபோச்சே, இன்னும் என்ன கேட்டுட்டு இருக்கீங்க?'ன்னேன். திடுக்குன்னு கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாரு. ஒரு மாதிரியான பார்வை. அப்புறம், 'ஆமாம்ப்பா, முடிஞ்சுபோச்சு'ன்னு எழுந்துபோய் ஊசியைத் தூக்கினாரு. இல்லாத பாட்டு கேக்குது அவருக்கு. அதுக்கப்புறம்தான் இந்த நிலாக்காரிக் கூத்து."

குளிர்பெட்டி, கதவைச் சாத்தச் சொல்லிக் கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. அவன் அசையவில்லை. காதம்மா எட்டிச் சாத்தினாள்.

"இன்னிக்கு அவரைப் பேசவிடக் கூடாது. சூறாவளி குழுவோட மேலாளர் வேற வராரு. அவர் முன்னாடி அப்பா ஏதாவது உளறினா நம்ம மானம் போயிடும்."

சூறாவளியின் கடைசிச் சுற்றுப்பயணம். அதற்கு ஒலி அமைக்கச் சவுண்டுக்கு அழைப்பு வந்தது, குண்டு விழுவதற்கு முந்தைய வாரம். பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் கண்ட கனவு. அழைப்பு வந்த அன்று அவன் சின்னப் பிள்ளை மாதிரி மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்ததை அவள் இன்னும் மறக்கவில்லை.

"நான் மாமாகிட்டப் பேசிப் பார்க்கறேன்" என்றாள்.

கீழே இறங்கியபோது சலூன் வாசலில் நாத்தனார் மடக்கினாள்.

"அண்ணி, எனக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு. அந்த இசைத்தட்டுக் கடைக்காரம்மா இருக்காங்கல்ல? அவங்களும் நிலாக்காரி ரசிகை. தனி ஆளு. அப்பா வாரத்துக்கு எத்தனை தடவை கடைக்குப் போறாருன்னு கவனிச்சீங்களா?"

"சீ! உங்கப்பாவை நீயே இப்படிப் பேசலாமா?"

"நான் தப்பாவா சொன்னேன்? இந்த வயசுல துணை வேணும்னா வரட்டுமே. எனக்கு என்ன பயம்னா, இன்னிக்குப் பாப் பக்கம் பேசறது நான். அவரும் என் பக்கம் வந்து நின்னா நான் என்னத்தைப் பேச?"

புத்தி என்கிறான் ஒருவன். காதல் என்கிறாள் ஒருத்தி. காதம்மாவுக்கு மூன்றாவதாக ஒன்று தோன்றியது. கையில் சுத்தியல் வைத்திருப்பவனுக்குப் பார்த்ததெல்லாம் ஆணியாகத் தெரிகிற கதைதான், ஆனாலும் தோன்றியது. வயதானால் முதலில் போவது மேல்சுருதி. வயலின் கேட்காது, அடிக்குரல் கேட்கும். மாமனாருக்குக் காது போயிருக்கலாம். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, கேட்கிற பாட்டுக்கு மாறியிருக்கலாம். தட்டு முடிந்தது தெரியாமல் பழக்கத்தில் தலையாட்டியிருக்கலாம்.

எல்லாம் பொருந்தியது. அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. புத்திக்கு மருந்து கிடையாது. காதுக்குக் கருவி இருக்கிறது.

"மாமா, என்கூட ஆஸ்பத்திரி வரைக்கும் வரீங்களா? சும்மா ஒரு டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம்."

மாட்டேன் என்பார், கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

"நானே கேக்கணும்னு இருந்தேம்மா. அது எப்படி இருக்கும்னு பார்க்கணும்."

அது ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

சனிக்கிழமையில் அந்தப் பிரிவில் கூட்டம் இருக்காது. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை வைத்த சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் பட்டனைக் கொடுத்தாள். "சத்தம் எவ்வளவு சன்னமாக் கேட்டாலும் அழுத்துங்க மாமா." கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

தாழ்ந்த ஒலியை அனுப்பினாள். அழுத்தினார். நடுத்தர ஒலி. அழுத்தினார். இதோ இங்கேதான் விழப்போகிறார் என்று மேல்சுருதியை அனுப்பினாள். அழுத்தினார். சன்னமாக்கினாள். அழுத்தினார். கொசு மூச்சுவிடுகிற அளவுக்குக் குறைத்தாள். மாமனார் புருவத்தைச் சுருக்கி, கொஞ்சம் யோசித்து, அழுத்தினார்.

இயந்திரம்தான் கோளாறோ என்று ஹெட்போனை மாற்றி மறுபடி முதலிலிருந்து செய்தாள். அதே கதை. வயதுக்கு வரவேண்டிய தேய்மானம் மட்டும் இருந்தது, அதுவும் கொஞ்சம்தான். அவளுடைய மேலதிகாரியின் காதைவிட நல்ல காது.

அவள் கதவைத் திறந்து உள்ளே போய் அவர் எதிரில் நின்றாள். வந்ததைவிட இப்போது குழப்பம் இரண்டு மடங்கு.

"மாமா, மனசுல வச்சுக்காதீங்க. தட்டு முடிஞ்ச பிறகும் உங்களுக்குப் பாட்டு கேக்குதா?"

"யாரு சொன்னா?"

"அவருதான். போன மாசம், தட்டு முடிஞ்சு சும்மா சுத்திட்டு இருந்துச்சாமே."

மாமனார் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார். "முடியலைம்மா."

"என்ன முடியலை? உடம்புக்கா?"

"தட்டு முடியலை."

அவள் விழித்தாள்.

"அந்த இடத்துல வெள்ளிவில் கம்பியை அழுத்தமாட்டாரு. விரல் நுனியால தொடுவாரு, அவ்வளவுதான். உச்சாணிக் கொம்புல, காத்து மாதிரி, இருக்கா இல்லையான்னு ஒரு சுருதி வரும். அன்னிக்கும் அவரு வாசிச்சுட்டுதான் இருந்தாரு. இவன் வந்து நின்னு, தட்டு முடிஞ்சுபோச்சேன்னான்."

பஞ்சு வைத்த அறையில் யார் மூச்சு விட்டாலும் கேட்கும். காதம்மாவுக்குத் தன் மூச்சு நின்றது கேட்டது.

சவுண்டு! துணி துவைக்கிற இயந்திரம் வேலை முடிந்துவிட்டதென்று கத்தக் கத்த அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவன். அவள் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாதவன். 'மாடியில' என்றால் 'மடியிலயா?' என்கிறவன். கல்யாணமான ஆண்கள் ஜாதியே இப்படித்தான், பெண்டாட்டி பேச்சு மட்டும் காதில் ஏறாது என்று சக ஊழியர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். எத்தனை பேருடைய மனைவிமார் அதே வாசகத்தைச் சொல்லித் தங்கள் கணவன்மார்களை இதே அறைக்கு அழைத்து வந்திருக்கிறார்கள்! தன் வீட்டு ஆள் என்றபோது மட்டும் அவளுக்கு அது சிரிப்பாகத்தான் தெரிந்தது.

நாற்காலி வேறு இல்லை. தரையில் அப்படியே உட்கார்ந்தாள்.

"ஏன் மாமா என்கிட்ட சொல்லலை?"

"அவனுக்குச் சூறாவளிகிட்டேர்ந்து அழைப்பு வந்திருக்கு. சின்னதுலேர்ந்து கேட்டுட்டு இருந்தது. சவுண்டு போடறவனுக்குக் காது சரியில்லைன்னு வெளிய தெரிஞ்சா? எப்படிம்மா சொல்லுவேன்? என் வாயால?"

"அதுக்காகக் கட்சி மாறணுமா?"

"பின்னே? வெள்ளிவில்லைப் போட்டா அவனுக்குத் தெரிஞ்சுபோகும். இல்லேன்னா, அவன் பக்கத்துல உட்கார்ந்து நான் மட்டும் கேக்கணும். அது எனக்குத் தாங்கலை. நிலாக்காரிக்கு அடிக்குரல். அவனுக்கு முழுசாக் கேக்கும். சண்டை போட வசதியா இருக்கும்னு..."

"சண்டை போடறதுக்கா?"

"சண்டை இல்லேன்னா அவன் என்கிட்ட வேற என்னம்மா பேசப்போறான்?"

அவளுக்கோ சொல்ல வேண்டியது வேறொன்று இருந்தது. அதைச் சொல்லாமலும் முடியாது.

"மாமா, அந்தப் பெரிய ஸ்பீக்கர்கள் பக்கத்துல ஊர் ஊரா நின்னாருன்னா, இருக்கறதும் போயிடும். இப்பக் கேக்காதது மேல்சுருதி மட்டும்தான். அப்புறம் பேச்சே புரியாது. நான் பேசினாலும், நீங்க பேசினாலும்."

"இன்னும் போகுமா?"

"போகும்."

"நான் வாயை மூடிட்டு இருந்தா அவனுக்கு நல்லதுன்னு நினைச்சேனே!"

இன்று வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். மேலாளர் வருகிற நாளில் வேண்டாம். கூட்டம் முடியட்டும். வீட்டுக்கு வந்ததும் காதம்மா பக்குவமாகச் சொல்வாள். அதுவரை மாமனார் நிலாக்காரிக்காகவே பேசட்டும்.

"மறந்துடாதீங்க மாமா. நிலாக்காரி."

"சரிம்மா" என்றார்.

சாயங்காலம் கூடம் நிரம்பிவிட்டது. பழைய அட்டைப்பெட்டிகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். இசைத்தட்டுக் கடைக்காரம்மா கையில் ஒரு மணியுடன் நடுவர் நாற்காலியில். பின்வரிசை ஓரத்தில், நரைத்த முடியைக் குடுமியாகக் கட்டிய ஒல்லி மனிதர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் சூறாவளியின் மேலாளர். பக்கவாட்டில், ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸருக்குப் பின்னால், ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டபடி சவுண்டு.

விதி சுலபம். பேசுபவர் முதலில் தன் கலைஞரின் இசையில் கொஞ்சம் போட்டுக் காட்டலாம். பிறகு பேசலாம். மணி அடித்தால் நிறுத்த வேண்டும்.

ராக்குக்காக ஒரு பல் டாக்டர் பேசினார். "ஒரு தலைமுறைக்கே கோபப்படக் கத்துக்கொடுத்தாரு சூறாவளி! நோயாளி வாயைத் திறந்து கத்தினா நான் மருந்து போடுவேன். இவர் கத்தினாரு, உலகத்துக்கே மருந்து போட்ட மாதிரி இருந்துச்சு!" கைதட்டல். பின்வரிசையில் மேலாளர் லேசாகச் சிரித்தார்.

நாத்தனார் எழுந்தாள். "டாக்டர் சார், கோபம் எல்லாருக்கும்தான் வரும். என் கடைக்கு வர்ற பொம்பளைங்க யாரும் கோபத்தைச் சொல்லி அழறதில்லை. நிலாக்காரி பாட்டு வந்ததும் கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே அழுவாங்க. ஏன்னு கேட்டா, தெரியலைம்பாங்க. ஏன்னே தெரியாம அழவைக்கிறவதான் பெரியவ!" அவளுக்கும் கைதட்டல், கூட ஒரு விசில்.

பிறகு மாமனார் எழுந்தார். அவர் கட்சி மாறின செய்தி கடைத்தெரு முழுக்கப் பரவியிருந்தது. கூடமே கழுத்தை நீட்டியது.

அவர் தோள்பையிலிருந்து ஓர் இசைத்தட்டை எடுத்தார். தூரத்திலிருந்தே அதன் உறை காதம்மாவுக்குத் தெரிந்தது. கட்டிலுக்கு அடியில் கிடந்தவற்றில் ஒன்று.

மாமா, வேண்டாம் என்று சொல்ல அவள் வாய் திறப்பதற்குள் கடைக்காரம்மா ஊசியை வைத்துவிட்டார்.

முதலில் எல்லோருக்கும் கேட்கிற பகுதி. வில் ஆழமாக இழுத்து, கனமாக எழுந்து, ஏறி, வளைந்தது. சவுண்டு ஆச்சரியமாக அப்பாவைப் பார்த்தான்; பழைய கட்சிக்கே வந்துவிட்டாரே என்று சிரிக்கக்கூடச் செய்தான். பிறகு வயலின் மெலிந்தது. மெலிந்து மெலிந்து மேலே போயிற்று. கடைசியில் ஒலியா, ஒலியின் நினைப்பா என்று சொல்ல முடியாத இடத்தில் போய் நின்று, நூல் போல அசைந்தது.

கூடத்தில் ஒரு நாற்காலிகூட முனகவில்லை. கடைக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டார். பல் டாக்டர் வாயைத் திறந்தபடி இருந்தார்.

காதம்மா அந்த இசையைக் கேட்கவில்லை. அவள் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் முதலில் ஒயரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். சத்தத்தைக் கூட்டுகிற கட்டையை மேலே தள்ளினான். ஹெட்போனை எடுத்துக் காதோடு அழுத்தினான். கூட்டத்தைப் பார்த்தான். ஏன் யாரும் கத்தவில்லை, ஏன் யாரும் 'சத்தம் வரலை' என்று எழுந்திருக்கவில்லை என்பது போல ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனான். எல்லா முகமும் எதையோ கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு மிக்ஸரைக் குனிந்து பார்த்தான். ஒலி வந்தால் மட்டுமே எரிகிற சின்னப் பச்சை விளக்குகள் குதித்துக்கொண்டிருந்தன.

அவன் வெகுநேரம் அந்த விளக்குகளையே பார்த்தான். நிமிர்ந்தபோது மேடையிலிருந்து அவன் அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் கண் அவளைத் தேடியது. வீட்டுக்குப் போய்ப் பக்குவமாகச் சொல்வதற்கென்று நாளெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அவளுக்கு உதவவில்லை. ஆமாம் என்று தலையை அசைத்தாள். அவ்வளவுதான் முடிந்தது.

இசை நின்றது. "நான் பேச வந்தது இவ்வளவுதான்" என்று மாமனார் மேடையைவிட்டு இறங்கினார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கடைக்காரம்மா மணியடிக்க மறந்து, தீர்ப்பு சொல்லவும் மறந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நாத்தனார் காதம்மாவின் கையைப் பிடித்தாள். "அண்ணி, இப்ப அப்பா எந்தக் கட்சி? எனக்கு ஒண்ணுமே புரியலை. அண்ணன் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கான்?"

"அப்புறம் சொல்றேன்" என்று காதம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். மாமனார் அவளுக்கு முன்பே மிக்ஸர் பக்கம் போயிருந்தார்.

"ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க? வீட்ல சொல்றதா இருந்தோமே!"

"வேணும்னு பண்ணேனான்னு எனக்கே தெரியலைம்மா. பையில நிலாக்காரியும் இருந்தா. எடுத்தப்ப இது வந்துச்சு."

சவுண்டு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. அப்பாவின் முகத்தை, வாயசைவை, கவனமாகப் பார்த்தபடி கேட்டான்.

"அன்னிக்கும் தட்டு முடியலையாப்பா?"

"முடியலைப்பா."

"எவ்வளவு நேரம் வாசிச்சாரு?"

"கொஞ்ச நேரம்தான். நீ ஒண்ணும் பெரிசா விட்டுடலை."

வாழ்நாளெல்லாம் ஒற்றுப்பிழையைக்கூட மன்னிக்காத மனிதர் சொன்ன பொய் அது. மகன் தலையைக் குனிந்துகொண்டான். "உங்களுக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சுன்னு இவகிட்ட சொன்னேன்" என்றான். மாமனார் அவன் தோளில் கையை வைத்தார். சட்டையில் இல்லாத தூசியைத் தட்டினார்.

அந்த நேரம் பார்த்து, குடுமிக்கார மேலாளர் வந்து நின்றார்.

"பிரமாதம்! என்ன சுத்தமான ஒலி! அப்போ திங்கட்கிழமை கிளம்பறோம், சரிதானே?" கையை நீட்டினார்.

சவுண்டு எழுந்து நின்றான். காதம்மா மனதுக்குள் வேண்டிக்கொண்டாள், எதை என்று தெரியாமலே.

"சார், உங்களை ஏமாத்த விரும்பலை. எனக்கு மேல்சுருதி கேக்கலை. இப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. நீங்க வேற ஆளைப் பார்த்துக்கோங்க."

மேலாளர் அதிரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினார். அவன் "கொஞ்சம் சத்தமா" என்றதும், மறுபடி சொன்னார்.

"இதுக்கா இவ்வளவு சோகம்? சூறாவளிக்கே ஒரு காது அறவே கிடையாது. இன்னொண்ணு பாதி. வெளிய யாருக்கும் தெரியாது. உங்களைக் கேட்டது நான் இல்லை, அவருதான். ஆத்தங்கரை மைதானத்துல நீங்க சவுண்டு போட்ட கச்சேரிக்கு அவர் யாருக்கும் தெரியாம வந்திருந்தாரு. 'எத்தனையோ வருஷம் கழிச்சு எனக்கு டிரம்ஸோட சிம்பல் தட்டுச் சத்தம் கேட்டுச்சு, யாரு அந்த ஆளு, அவன்தான் வேணும்'னாரு."

தன் காதுக்குக் கேட்கிற அளவுக்கு, தெரியாமலே, சவுண்டு ஏற்றி வைத்த மேல்சுருதி, இன்னொரு போன காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அன்று மைதானத்தில் இருந்த நல்ல காதுகளெல்லாம் என்ன பாடுபட்டிருக்கும் என்று ஒரு பக்கம் காதம்மாவின் தொழில்புத்தி கணக்குப் போட்டது. மறுபக்கம், கணவனின் முகத்தில் செத்துப்போன வெளிச்சம் திரும்ப வருவதை அவள் பார்த்தாள். ஆறுதல் சொல்லத் தயாராக வந்தவள் அவள். இப்போது அந்த வெளிச்சத்தை அவள்தான் ஊதி அணைக்க வேண்டும் போலிருக்கிறதே!

அணைக்கத்தான் வேண்டுமா? அணைத்தால் அவன் மிச்சக் காதோடு வீட்டில் இருப்பான். என்ன கேட்டுக்கொண்டு இருப்பான்?

மேலாளரின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. சவுண்டின் கை மெல்ல எழுந்தது. பாதியில் நின்றது. அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"நீ என்ன சொல்றே?"

"நாளைக்குக் காலையில என்கூட வாங்க. அந்த அறையில உட்காருங்க. எவ்வளவு இருக்கு, எவ்வளவு போயிருக்குன்னு நான் பார்க்கணும். பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமையாச்சே."

"சாவி என்கிட்டத்தான் இருக்கு."

"என்ன வந்தாலும் உள்ளதைச் சொல்லுவியா?"

"சொல்லுவேன்" என்றாள். சொல்வாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் எழுந்த கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான். மேலாளர் ஒன்றும் புரியாமல் இவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். நீட்டிய கை அந்தரத்தில் தனியாக நின்றது.

மாமனார் ஓரடி முன்னால் வந்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார்.

"நான் இவனோட அப்பா. பெரியவங்க நாம கொஞ்சம் பேசிக்கலாம், வாங்க. உங்க சூறாவளி கிடாரை உடைச்சாரே, அது ஏன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம்."

மேலாளர் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். மாமனார் விடுவதாக இல்லை.